செரெங்கெட்டியின் ஊடாக ஒரு பெருந்தெரு



வீதியில்லாத ஊர் வாசலில்லாத வீட்டைப் போன்றது. விளைந்த பொருள் சந்தைக்குச் செல்வதும், நோயாளி வைத்தியசாலையை அடைவதும், ஆசிரியர் பாடசாலைக்கு வந்து சேர்வதும் வீதியினாலேயே. ஆதலால், ஓரிடத்தில் வீதி அமைக்க வேண்டாம் என்று ஒருவர் கூறுவாராயின், அதற்குத் தக்க காரணத்தை எடுத்துக்காட்டும் கடமை அவருக்கே உரியது. காடு அழகானது, விலங்குகள் அரியன என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. வீதியில்லாமையால் துன்புறும் மக்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தக்க காரணமாக அது இருத்தல் வேண்டும்.

அத்தகைய காரணம் ஒன்று உண்டா என்பதை ஆராயவே இன்று உங்கள் முன் வந்துள்ளேன். அதற்கு எடுத்துக்கொண்ட உதாரணம் கிழக்கு ஆபிரிக்காவிலுள்ள தன்சானியா நாட்டின் செரெங்கெட்டிச் சமவெளி.

செரெங்கெட்டி என்னும் பெயர் மசாய் மக்களின் மொழியிலிருந்து வந்தது. முடிவின்றி விரிந்து செல்லும் நிலம் என்பது அதன் பொருள் என்பர். அங்குள்ள தேசிய பூங்கா 1951ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதன் பரப்பு 14,763 சதுர கிலோமீற்றர். நமது இலங்கைத் தீவின் பரப்பில் ஐந்திலொரு பங்கினும் சற்று மிகுதி என்று கொள்ளலாம். 1981ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இப்பூங்காவின் வடபகுதியைக் குறுக்கறுத்து ஒரு பெருந்தெரு அமைக்கும் திட்டத்தை 2010ஆம் ஆண்டில் தன்சானிய அரசு முன்வைத்தது. அன்றைய ஜனாதிபதி ஜகாயா கிக்வெத்தே அதனை உறுதியோடு ஆதரித்தார். கிழக்கே அருஷா நகரப் பக்கத்தையும், மேற்கே விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள முசோமா நகரையும் இணைப்பது அத்திட்டத்தின் நோக்கம். வீதியின் ஏறத்தாழ 53 கிலோமீற்றர் பகுதி பூங்காவின் உள்ளே செல்வதாக இருந்தது. 2012ஆம் ஆண்டில் வேலை தொடங்கும் என்றும் கூறப்பட்டது.

இத்திட்டத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடுதல் நீதியன்று. பூங்காவின் கிழக்கே லொலியொண்டோ என்னும் பிரதேசமும், மேற்கே முகுமு என்னும் ஊரும் இருக்கின்றன. மழை பெய்தால் சேறும், வெயில் எறித்தால் புழுதியுமாகும் பாதைகளே நெடுங்காலம் அவற்றுக்கு வாய்த்திருந்தன. அங்குள்ள கர்ப்பிணிப் பெண்ணுக்கும், ஆட்டையும் மாட்டையும் விற்றுப் பிழைக்கும் குடியானவனுக்கும், உலகம் போற்றும் பூங்காவின் அயலில் வாழ்வது என்ன பயனைத் தந்தது? வெளிநாட்டுப் பிரயாணிகள் ஆகாய விமானத்தில் வந்து சிங்கத்தைப் பார்த்துத் திரும்புகின்றனர். அயலூர் மனிதனோ பஸ் வண்டிக்காகக் காத்து நிற்கின்றான்.

அன்றியும், அவ்வூர் மக்கள் ஏற்கெனவே ஒரு விலையைக் கொடுத்தவர்கள். மசாய் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் மாடுகளை மேய்த்த நிலம் செரெங்கெட்டி. 1959ஆம் ஆண்டில், பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில், பூங்காவின் எல்லையிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அருகிலுள்ள கொரொங்கோரோ மேட்டுநிலத்தில் வாழ அவர்களுக்கு இடம் வகுக்கப்பட்டது. விலங்குகளுக்காகத் தம் மண்ணை விட்டுக் கொடுத்தவர்களிடம், இப்பொழுது வீதியையும் விட்டுக் கொடுங்கள் என்று சொல்வதற்கு எவருக்கும் நாக்கு எளிதில் எழாது.

இது வீதியின் பக்கத்து நியாயம். இனி மறுபக்கத்தைப் பார்ப்போம்.

செரெங்கெட்டியில் பலவகை விலங்குகள் வாழ்ந்தாலும், அந்நிலத்தின் உயிர்நாடி எனத்தக்கது ஒன்றே. ஆங்கிலத்தில் வில்டபீஸ்ட் என்றும் நூ என்றும் அழைக்கப்படும் மானினம் அது. மாட்டின் கொம்பும், ஆட்டின் தாடியும், குதிரையின் வாலும் ஒன்றாய்ச் சேர்ந்தாற்போன்ற தோற்றமுடையது. பார்ப்பதற்கு அழகியது அன்று. ஆயினும் அவை பதின்மூன்று இலட்சமளவில் ஒன்றுதிரண்டு, இரண்டு இலட்சமளவு வரிக்குதிரைகள் உடன்வர, ஆண்டுதோறும் ஒரு பெருவட்டமாக யாத்திரை செய்கின்றன. தரையில் நடக்கும் பெருவிலங்குகளின் இடப்பெயர்ச்சியில் இதற்கு ஈடானவை உலகில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன.

இந்த யாத்திரை ஏன் நிகழ்கின்றது? பூங்காவின் தென்கிழக்கே எரிமலைச் சாம்பல் படிந்த வெளி உண்டு. அங்கே வளரும் குறும்புல்லில் சுண்ணாம்புச் சத்தும் எரியச் சத்தும் நிறைந்திருக்கின்றன. குட்டி ஈன்று பாலூட்டும் தாய்க்கு அதனினும் ஏற்ற உணவில்லை. ஆகவே பெப்ரவரி மாதத்தையொட்டிய சில வாரங்களில் இலட்சக்கணக்கான குட்டிகள் அவ்வெளியிலேயே பிறக்கின்றன. பிறந்த குட்டி சில நிமிடங்களிலேயே எழுந்து தாயின் பின்னே நடக்கத் தொடங்கிவிடுகின்றது. ஆனால் அவ்வெளியில் மழை குறைவு. மழைக்காலம் முடிந்ததும் புல் கருகும், குட்டைகள் வற்றும். வடக்கே செல்லச் செல்ல மழை கூடுகின்றது. கோடையிலும் வற்றாது ஓடும் ஆறு வடக்கேயுள்ள மாரா ஆறு ஒன்றே. ஆதலால் விலங்குகள் வடக்கு நோக்கி நடந்து, மாரா ஆற்றைக் கடந்து கெனியா நாட்டுக்குள்ளும் புகுந்து, கோடையைக் கழித்து, மழை திரும்பும்போது தெற்கே மீளுகின்றன. ஆற்றைக் கடக்கையில் ஆண்டொன்றுக்கு ஆறாயிரமளவில் மூழ்கி இறப்பதாக ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். அவ்வளவு இழப்பு நேரினும் அவை அவ்வழியை விடுவதில்லை. விட்டால் உயிர்வாழ வேறு வழியில்லை.

திட்டமிடப்பட்ட பெருந்தெரு தெற்கேயுள்ள புல்வெளிக்கும் வடக்கேயுள்ள நீருக்கும் இடையில், ஒரு கோடு கிழித்தாற்போலச் செல்வதாக இருந்தது. வழக்கின் மையம் இதுவே.

ஒரு வீதி குறுக்கே கிடந்தால் விலங்கு அதைத் தாண்டிச் செல்லாதா என்று நீங்கள் கேட்கலாம். தாரிட்ட வீதி தானாகவே ஒரு மதில் அன்று என்பது உண்மை. அவ்வீதியில் 2015ஆம் ஆண்டளவில் நாளொன்றுக்கு 800 வாகனங்களும், 2035ஆம் ஆண்டளவில் 3,000 வாகனங்களும் ஓடும் என்று மதிப்பிடப்பட்டது. மூவாயிரம் வாகனங்கள் என்றால், இரவும் பகலும் அரை நிமிடத்துக்கு ஒரு வாகனம். இலட்சம் விலங்குகள் நெருங்கி நிற்கும் வெளியில் நள்ளிரவில் லொறிகள் விரைந்து வந்தால் விபத்து நேராதிருக்குமா? விலங்கும் சாகும், மனிதனும் சாவான். மனிதர் இறந்த மறுநாளே வீதியின் இருபுறமும் வேலி போடுங்கள் என்ற கோரிக்கை எழும். அக்கோரிக்கையை எந்த அரசாலும் மறுக்க முடியாது. இவ்வாறு வீதி வேலியாகும்.

வேலி என்ன செய்யும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தென்புலத்திலுள்ள பொட்சுவானா நாட்டில், கால்நடை நோய் பரவாது தடுப்பதற்காக நீண்ட கம்பி வேலிகள் இடப்பட்டன. 1980களில் வறட்சி வந்தபோது, நீரைத் தேடிச் சென்ற நூ மான்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தன. செரெங்கெட்டியைப் பொறுத்தவரையில், வீதியின் நேர்வழியில் ஒரு தடை ஏற்பட்டால் மான்தொகை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறையக்கூடும் என்று 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது.

மான்தொகை குறைந்தால் என்ன கேடு என்று கேட்பாருக்கு, செரெங்கெட்டியின் வரலாறே விடை கூறுகின்றது. 1890களில் மாடுகளைக் கொல்லும் ஒரு கொள்ளைநோய் கிழக்கு ஆபிரிக்கா எங்கும் பரவியது. மசாய் மக்களின் மாடுகள் பட்டி பட்டியாக மாண்டன. மக்களும் பட்டினியால் வாடினர். அந்நோய் காட்டெருமையையும் நூ மானையும்கூட விடவில்லை. பின்னர் வளர்ப்பு மாடுகளுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டு, 1960களில் அப்பிரதேசத்தில் நோய் அடங்கியது. 1961ஆம் ஆண்டில் இரண்டரை இலட்சமளவில் இருந்த நூ மான்கள் 1970களின் பிற்பகுதியில் பதின்மூன்று இலட்சத்தையும் எட்டின. அதன் விளைவு வியக்கத்தக்கது. மான்கள் புல்லை மேய்ந்தமையால் காய்ந்த புல் குறைந்தது. காய்ந்த புல் குறைந்தமையால் காட்டுத்தீ குறைந்தது. தீ குறைந்தமையால் மரக்கன்றுகள் தப்பி வளர்ந்தன. மானின் வாய் மரத்தைக் காத்தது. ஒரு நூலை இழுத்தால் முழுத்துணியும் சுருங்குவது போல, இங்கே ஒன்றைக் குறைத்தால் மற்றவையெல்லாம் மாறும். சிங்கமும் கழுதைப்புலியும் இம்மந்தையை நம்பியே வாழ்கின்றன. தன்சானியாவுக்கு வெளிநாட்டுச் செலாவணியை ஈட்டித்தரும் உல்லாசப் பிரயாணத் தொழிலும் அதனையே பெரிதும் நம்பியிருக்கின்றது.

வீதிக்கு மேலே பாலமும் கீழே சுரங்கவழியும் அமைத்து விலங்குகளைக் கடக்கவிட்டால் என்ன என்பது அடுத்து எழும் வினா. கனடாவின் பான்ஃப் பூங்காவில் அவ்வாறு செய்துள்ளனர். வீதியோரம் வேலியிட்டு, இடையிடையே பாலங்கள் கட்டியதனால், அங்கே வாகனத்தில் மோதி இறக்கும் விலங்குகளின் தொகை எண்பது வீதத்துக்கும் மேலாகக் குறைந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கே கடப்பது ஒரு கரடி, ஒரு மான்கூட்டம். செரெங்கெட்டியிலோ பல கிலோமீற்றர் அகலத்துக்குப் பரந்து வரும் ஒரு சேனை. அது எந்த இடத்தில் கடக்கும் என்பது அவ்வாண்டு மழை எங்கே பெய்தது என்பதைப் பொறுத்தது. பாலத்தை ஓரிடத்தில் கட்டிவிடலாம்; மழையை ஓரிடத்தில் கட்டிவைக்க முடியுமா?

ஆகவே, வீதியா விலங்கா என்று கேட்பது வினாவைப் பிழையாக அமைப்பதாகும். வீதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. அந்த இடத்தில்தான் வேண்டுமா என்பதே சரியான வினா. வீதி மனிதன் வகுப்பது, அதனை வளைக்கலாம். மந்தையின் வழி மண்ணும் மழையும் வகுத்தது. அதனை வளைக்க இயலாது. வளையக்கூடியது வளையாததற்கு வழிவிட வேண்டும் என்பதே நான் கூற விரும்பும் நியாயம்.

வளைவதற்கு வழியும் இருந்தது. பூங்காவின் தெற்கே சுற்றிச் சென்று அருஷாவையும் ஏரிக்கரை நகரங்களையும் இணைக்கும் பாதையொன்று சுட்டிக்காட்டப்பட்டது. 2010ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், இருபத்தேழு விஞ்ஞானிகள் ‘நேச்சர்’ என்னும் சஞ்சிகையில் கையொப்பமிட்டு எழுதிய கட்டுரையும் இதனையே வற்புறுத்தியது. தென்வழி நீளமானது, செலவு கூடியது. எனினும் அது செல்லும் பிரதேசங்களில் மக்கள் செறிந்து வாழ்கின்றனர், பயிர்ச்செய்கையும் மிகுதி. வெறும் புல்வெளியின் ஊடாகச் செல்லும் 53 கிலோமீற்றரில் ஒரு பஸ் தரிப்பிடத்துக்குக்கூட இடமில்லை. வீதியின் பயன் அது இணைக்கும் ஊர்களின் தொகையைப் பொறுத்தது என்றால், சுற்றுவழியே மேலானது.

ஆனால் இங்கே ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. தென்வழி எத்தனை ஊர்களை இணைத்தாலும் லொலியொண்டோவையும் முகுமுவையும் இணைக்காது. அவர்களுக்கு என்ன விடை? பூங்காவைக் கடக்காமலே, கிழக்கேயிருந்து லொலியொண்டோ வரையும், மேற்கேயிருந்து முகுமு வரையும் நல்ல வீதிகளை அமைப்பதே அவர்களுக்கான விடை. லொலியொண்டோவில் வாழ்பவருக்கு வேண்டியது வைத்தியசாலையும் சந்தையும். அவை பூங்காவுக்கு மறுபக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்ற நியதியில்லை. இந்தப் பக்க வீதிகளைத் தராமல், பெருந்தெருவை மட்டும் தடுத்துவிட்டு வெற்றி பெற்றோம் என்று கூறுவோர், பாதி நியாயத்தையே செய்தவராவர்.

செலவை யார் ஏற்பது? செரெங்கெட்டி உலகம் முழுவதற்கும் உரிய செல்வம் என்று உலகம் சொல்கின்றது. அப்படியாயின் அதனைக் காக்கும் செலவிலும் உலகத்துக்குப் பங்குண்டு. தன்சானியாவின் தந்தை எனப் போற்றப்படும் ஜூலியஸ் நியரேரே, நாடு சுதந்திரம் பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1961ஆம் ஆண்டு செப்டெம்பரில், அருஷாவில் ஒரு பிரகடனம் வெளியிட்டார். வனவிலங்குகளைப் பாதுகாக்கும் பொறுப்பைத் தம் மக்கள் ஏற்கின்றனர் என்றும், அதற்கு வேண்டிய அறிவும் ஆளணியும் பணமும் தந்து உதவும் பொருட்டு ஏனைய நாடுகளை எதிர்பார்ப்பதாகவும் அவர் அதில் தெரிவித்தார். அது பிச்சையன்று, பங்காளியிடம் கேட்கும் உரிமை. வீதிப் பிரச்சினை எழுந்தபோது ஜேர்மனி அரசும் உலக வங்கியும் மாற்றுவழிக்கு உதவ முன்வந்தமை இவ்வகையில் பொருத்தமான செயலே.

முடிவு என்னவாயிற்று? 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பூங்காவின் உள்ளே செல்லும் பகுதி தாரிடப்படாமல் கிறவல் பாதையாகவே இருக்கும் என்றும், அது பெரும்பாலும் பிரயாணிகளுக்கும் பூங்கா நிருவாகத்துக்குமே பயன்படும் என்றும் தன்சானிய அரசு யுனெஸ்கோவுக்கு எழுத்தில் அறிவித்தது. இதற்கிடையில், கெனியாவிலுள்ள விலங்கு நலச் சங்கமொன்று கிழக்கு ஆபிரிக்க நீதிமன்றத்தில் 2010ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்திருந்தது. 2014ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் திகதி அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூங்காவின் ஊடாகத் தார்வீதி அமைக்கும் ஆரம்பத் திட்டம், கிழக்கு ஆபிரிக்க நாடுகள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு முரணானது என்பது அத்தீர்ப்பின் சாரம். மாரா ஆற்றின் நீர் கெனியாவிலிருந்து வருகின்றது. மந்தையும் கெனியாவுக்குச் சென்று திரும்புகின்றது. ஆகவே ஒரு நாடு தன் எல்லைக்குள் இடும் வீதியும் அயல்நாட்டின் காரியமாகின்றது என்பதை அவ்வழக்கு எடுத்துக்காட்டியது.

நேயர்களே, இது எங்கோ நடந்த கதைதானே என்று எண்ணிவிட வேண்டாம். நமது நாட்டிலும், புத்தளத்தையும் மன்னாரையும் இணைக்கும் பாதை வில்பத்துத் தேசிய பூங்காவின் ஊடாகச் செல்வது பற்றிய விவாதம் நீதிமன்றம் வரை சென்றது. போர் 2009ஆம் ஆண்டு முடிந்தபின் தம் ஊர்களுக்கு மீண்ட மக்கள், குறுகிய வழியை நாடியது இயல்பே. வில்லு எனப்படும் நன்னீர்க் குளங்களால் சிறந்த அக்காட்டை 1938ஆம் ஆண்டிலேயே பூங்காவாக்கிப் பேணி வந்தோர், அதனைக் காக்க விரும்பியதும் இயல்பே. அவ்வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது இப்பேச்சின் நோக்கமன்று. செரெங்கெட்டியின் அனுபவம் தரும் மூன்று வினாக்களை உங்கள் முன் வைப்பதே நோக்கம்.

முதலாவது: இவ்வீதியினால் பயன்பெறுவோர் யார்? வழியிலுள்ள ஊரவரா, அல்லது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விரையும் லொறிகளா? இரண்டாவது: வீதியை வேறிடத்தால் கொண்டுசெல்ல இயலுமா? அவ்வாறே அங்குள்ள உயிர்கள் வேறிடத்தால் செல்ல இயலுமா? மூன்றாவது: வீதியை விலக்குவதனால் ஏற்படும் நட்டத்தை யார் தாங்குவது? காட்டை விரும்புவோரா, அல்லது காட்டின் ஓரத்தில் வாழும் ஏழையா?

மூன்றாம் வினாவை மறந்து முதலிரண்டை மட்டும் கேட்பது நகரத்தில் வாழும் நம்மவருக்கு எளிது. நமக்கு வீதி உண்டு. காட்டைப் பார்க்க விடுமுறை நாளில் செல்கின்றோம். லொலியொண்டோவில் வாழும் தாய்க்குப் பிள்ளைப்பேற்று நேரத்தில் வேண்டியது விரைவாகச் செல்லும் வண்டி. அந்த வண்டிக்கு வழி அமைத்துக் கொடுத்த பின்னரே, மந்தைக்கு வழிவிடு என்று அவளிடம் கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும். இரண்டு வழிகளையும் ஒருங்கே அமைப்பது செலவு மிக்கதாயினும் இயலாத காரியமன்று. மந்தை நடக்கும் வழியை ஒருமுறை அழித்துவிட்டால், அதனை மீண்டும் அமைத்துத் தரும் எந்திரி இன்னும் பிறக்கவில்லை.